ஸ்ரீகண்டன் நம்பர் போட்ட நத்தைகள்

வலியசாலையில் ஸ்ரீகண்டன் வீடு எது என்று கேட்டால் மூன்று வீட்டைக் காட்டுவார்கள். டெஸ்பாட்ச் ஸ்ரீகண்டன் என்று கேட்டால்தான் நம் ஆள் கிடைப்பார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் டெஸ்பாட்ச் பிரிவில் உட்கார்ந்து, வெளியே போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் நம்பரும் தேதியும் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து அனுப்பியவர். மேலதிகாரியின் கடிதமானாலும் சரி, பியூனின் லீவு விண்ணப்பமானாலும் சரி, நம்பர் விழாமல் அவருடைய மேஜையைத் தாண்டாது. ஒருமுறை மாடியில் புகை வருகிறது என்று தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிய கடிதமும் நம்பர் போட்ட பிறகுதான் போயிற்று. அதற்குள் புகை தானாக அடங்கிவிட்டது, அதையும் அவர் தன் கணக்கில்தான் சேர்த்துக்கொண்டார்.

ஓய்வு பெற்று இரண்டு வருஷம் சும்மா இருந்தவர், மாசி மாதம் கோவில் கூட்டத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். ஆடி மாதம் நிறைபுத்தரி வரும். புது நெற்கதிரைக் கோவிலுக்குக் கொண்டுவந்து பூஜை செய்து, வீட்டுக்கு இரண்டு கதிராகப் பிரித்துக் கொடுப்பார்கள். அதை வாசல் நிலையில் கட்டிவைத்தால் அந்த வருஷம் சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று நம்பிக்கை. ஆரியசாலையில் அரிசி மொத்த வியாபாரம் செய்கிற கோலப்பன்தான் எத்தனையோ வருஷமாகத் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தன்னுடைய நாஞ்சில் நாட்டு வயலிலிருந்து அந்தக் கதிரை வேனில் கொண்டுவந்து இறக்குவார். ஒரு பைசா வாங்கமாட்டார், ஒரு வார்த்தை பெருமையும் பேசமாட்டார். இப்படிப்பட்ட மனுஷரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஸ்ரீகண்டன் எழுந்தார்.

"நம்ம ஊர்க் கோவிலுக்கு நம்ம மண்ணிலே வெளஞ்ச கதிர் வேண்டாமோ?" என்றார்.

நாலு பேர் கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டால் அவருக்கு உட்காரத் தெரியாது.

"இந்த வருஷம் நானே வெளைவிச்சுக் கொண்டு வரேன். எல்லை தாண்டி ஒரு கதிர் வரப்படாது!"

கோலப்பன் கையைக் கூப்பினார். "ரொம்ப சந்தோசம் சாமி. ஆனாலும் நானும் ஒரு கெட்டு கொண்டாந்து வண்டியில வச்சுக்கிடுதேன். வெயிலும் மழையும் நம்ம கையிலயா இருக்கு?" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஸ்ரீகண்டனுக்கு அது சவாலாகக் கேட்டது.

வீட்டில் அவர் மனைவி சீதாலக்ஷ்மி விஷயத்தைக் கேட்டு, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள். "ஏன்னா, நீங்க ஜன்மத்திலே ஒரு துளசிச் செடிக்கு ஜலம் விட்டிருக்கேளா? கதிர் வரல்லைன்னா அந்தக் கோவில் வாசல்லே எப்படித் தலை நிமிர்ந்து நிப்பேள்?"

"வரும்" என்றார் அவர். வேறு என்ன சொல்லமுடியும்?

வெள்ளாயணிப் பக்கம் இருபது சென்ட் வயல் குத்தகைக்குக் கிடைத்தது. அதை ஒட்டி முப்பது சென்ட் வைத்திருந்தவள் தாசம்மாள். ஐம்பது வயதிருக்கும். புருஷன் போன பிறகு தனியாக வயலைப் பார்த்து, வீட்டரிசிக்குக் கடைக்குப் போகாதவள். ஓடைத் தண்ணீர் மடை வழியாக முதலில் அவள் வயலில் பாய்ந்து, பிறகுதான் ஸ்ரீகண்டன் வயலுக்கு வரும். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிய ஸ்ரீகண்டனை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"சாமி, நாத்த அப்பிடிப் பிடிக்கப்பிடாது. பேனா பிடிக்குத மாதிரி பிடிச்சா அது எங்க நிக்கும்?"

அவர் நட்டதில் பாதி அன்று சாயங்காலமே மிதந்தது. அவள்தான் ஆள் வைத்து மறுபடி நட்டுக் கொடுத்தாள். சித்திரைப் பாதியில் வயல் பச்சை கட்டிற்று. ஸ்ரீகண்டன் தினமும் காலையில் ஸ்கூட்டரில் வந்து வரப்பில் நின்று பார்த்து, ஆபீசில் நம்பர் போட்ட கதையைத் தாசம்மாளிடம் சொல்லிவிட்டுப் போவார். பச்சையைப் பார்க்கப் பார்க்க அவருக்குக் கோலப்பனின் வேன் கதிரோடு திரும்பிப் போவது கண்ணில் தெரிந்தது.

கோடை மழையோடு நத்தை வந்தது. ஊர்க்காரர்கள் ஒச்சு என்பார்கள். இது நம் வயல்களில் பழகிய சின்ன நத்தை இல்லை, எலுமிச்சம்பழ அளவில் மஞ்சளும் பழுப்புமாக இருந்த அந்நியச் சரக்கு. யாரோ அழகுக்காக மீன்தொட்டியில் வளர்த்து, அலுத்துப்போனதும் ஓடையில் கொட்டியிருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். இளநாற்றைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே கடித்துத் துண்டாக்கும். காலையில் பார்த்தால் தாள் நுனிகள் மட்டும் மிதக்கும். வரப்புப் புல்லில், மூங்கில் குச்சியில், எங்கே பார்த்தாலும் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாக முட்டை.

தாசம்மாள் ஒரு வாளியில் உப்புத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொண்டு, பொறுக்கிப் பொறுக்கி அதில் போட்டாள். "சாமியும் இப்பிடியே செய்யுங்க. ரெண்டு கிலோ கல்லுப்பு போதும்."

ஸ்ரீகண்டன் வாளியை எட்டிப் பார்த்தார். உள்ளே நுரைத்துக்கொண்டிருந்தது. பார்த்தவர் இரண்டடி பின்னால் போனார். "ஆத்துலே சம்மதிக்கமாட்டா, கேட்டியோ" என்றார். சீதாலக்ஷ்மி சம்மதிப்பதும் மறுப்பதும் இருக்கட்டும், அவளை யாரும் கேட்கவே இல்லை. அவருக்குத்தான் கை வரவில்லை. கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏந்தி வெளியே விடுகிற மனுஷர்.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பொறுக்குவது, வாளியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவது, மறுநாள் எங்காவது தூரமாகக் கொண்டுபோய் விடுவது. முதல் நாள் நாற்பத்தொரு நத்தை. கொல்லைப்புறத்தில் வாளியை வைத்துவிட்டு விடியற்காலையில் கிளம்பப் பார்த்தவருக்கு என்னமோ இடித்தது. இத்தனை உருப்படி வெளியே போகிறது, ஒன்றிலும் நம்பர் இல்லை! முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், கை நகர மறுத்துவிட்டது. கேட்டில் வீட்டுப்பேர் எழுதி மிச்சமிருந்த வெள்ளைப் பெயிண்டை எடுத்தார். ஒவ்வொரு நத்தையையும் பழைய துண்டால் துடைத்து, ஓட்டின் மேல் நம்பரும் தேதியும் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

காப்பி டம்ளரோடு வந்த சீதாலக்ஷ்மி அப்படியே நின்றுவிட்டாள். "என்னன்னா இது கூத்து?"

"எத்தனை போச்சுன்னு தெரிய வேண்டாமோ?"

"பதில் வந்தா தாக்கல் பண்ண சௌகரியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

வயலிலிருந்து தார்ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பாலம் இருக்கிறது. அதன் அடியில் ஓடுகிற ஓடைதான் அவர் தேர்ந்தெடுத்த இடம். வாளியை மெதுவாகச் சாய்த்து, "போங்கோ, க்ஷேமமா இருங்கோ" என்று வழியனுப்பிவிட்டு வந்தார். பெண்ணைப் புகுந்தகத்துக்கு அனுப்பிய திருப்தி முகத்தில் தெரிந்தது. தார்ரோடு ஒரு பாறைக்குன்றைச் சுற்றிக்கொண்டு போகிறது, ஓடை சுற்றாமல் நேராக வருகிறது, வந்து தாசம்மாளின் மடையில்தான் விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது. வலியசாலைக்காரருக்குத் தண்ணீர் குழாயிலிருந்து வரும், அவ்வளவுதான்.

இரண்டு வாரம் இப்படி நடந்தது. நத்தை குறையவில்லை. ஸ்ரீகண்டனின் வயலாவது பரவாயில்லை, தாசம்மாளின் வயலில் மடைப் பக்கம் பாதி இடம் மொட்டையாகிவிட்டது. அவள் உப்பு வாங்கி ஓய்ந்துபோனாள். "மேலயிருந்து யாரோ கொண்டாந்து விடுதான் சாமி. எனக்க வயித்துலதான் அடிக்கான்" என்று வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

ஸ்ரீகண்டனுக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து கிருஷி பவன் என்கிற விவசாய ஆபீசுக்கு மலையாளத்தில் நாலு பக்கப் புகார் எழுதினார். ஓடையின் மேற்பகுதியில் சில சமூக விரோதிகள் வேண்டுமென்றே நத்தைகளை விட்டு ஏழை விவசாயியின் பிழைப்பைக் கெடுக்கிறார்கள், அவர்களை அடையாளம் கண்டு கடும் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று எழுதி, நம்பர் போட்டு, கோடு இழுத்து, நேரில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டு வந்தார்.

புகாரின் வேகம் அப்படி. மூன்றாம் நாளே விவசாய ஆபீசர் ஸ்வப்னா வந்து இறங்கினாள். ஆரியசாலைத் தமிழ்க் குடும்பத்துப் பெண், ஆபீஸ் மலையாளமும் வீட்டுத் தமிழும் அவள் வாயில் கலந்தே வரும். ரப்பர் பூட்ஸோடு தாசம்மாளின் வயலில் இறங்கி, தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு நத்தையை எடுத்தாள். ஓட்டில் பாசி படிந்திருந்தது. பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்தாள்.

"அய்யோ, இதில எந்தோ எழுதியிருக்கு சாரே!"

வரப்பில் நின்றவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நூற்றுப் பதினேழு. பதினாறு அஞ்சு. அடியில் இரண்டு கோடு.

ஸ்ரீகண்டனுக்கு முதலில் வந்தது பெருமை. இத்தனை நாள் தண்ணீரில் கிடந்தும் பெயிண்ட் ஒரு துளி உரியவில்லையே! அடுத்த நொடி தலை சுற்றிற்று. அவள் இன்னொன்றை எடுத்தாள், எண்பத்தெட்டு. இன்னொன்று, பன்னிரண்டு. அவர் அனுப்பியவர்கள் எல்லாரும் வரிசையாகத் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்.

"இது காலேஜ் பிள்ளைங்க வேலையாக்கும்" என்றாள் ஸ்வப்னா. "மார்க் பண்ணி விட்டுட்டு, எத்தனை திரிச்சு வருதுன்னு எண்ணுவாங்க. ரிசர்ச்! பாவம், இவங்க கிருஷி போச்சு. சார் என்ன நினைக்கிறீங்க?"

இதோ நிற்கிறேன், நான்தான் அந்தச் சமூக விரோதி என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஸ்ரீகண்டன் வாயைத் திறந்தார்.

"ஆமாமா. இப்போத்த பசங்களுக்குப் பொறுப்புன்னு ஒண்ணு கிடையாது" என்றார்.

சொன்ன உடனேயே அந்தச் சேற்றில் அப்படியே இறங்கிவிடலாம் போல இருந்தது. தாசம்மாள் நூற்றுப் பதினேழை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, உப்பு வாளியில் போட்டாள்.

ஸ்வப்னா செய்யவேண்டியதை எல்லாம் சொன்னாள். தண்ணீரை வடித்துச் சேறு மட்டும் நிற்கும்படி வைக்கவேண்டும், தண்ணீர் இல்லாமல் நத்தையால் நகரமுடியாது. நடுவே சின்னச் சின்ன வாய்க்கால் வெட்டிப் பப்பாளி இலையைப் போட்டால் அங்கே வந்து கூடும், அள்ளிவிடலாம். மடையில் வலை கட்டவேண்டும். முட்டைக் கொத்தைத் தட்டித் தண்ணீருக்குள் தள்ளிவிட்டால் பொரியாது. நாற்று வேர் பிடித்து நின்றதும் வாத்து இறக்கலாம். ஸ்ரீகண்டன் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்றும் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிவிட்டார். அவளிடம் மறைத்துப் பழக்கமில்லை. அவள் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தமுடியாமல், புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதானே க்ஷேமமா இருங்கோன்னு அனுப்பினேள்? க்ஷேமமா வந்து சேர்ந்திருக்கா. அதுலே என்ன தப்பு?" என்றவள், சிரிப்பு அடங்கியதும் குரலை மாற்றிக்கொண்டாள். "ஆனா அந்தப் பொம்மனாட்டி வாயிலே மண்ணு விழுந்துடுத்தே. போய் அவள்ட்டே உள்ளதைச் சொல்லுங்கோ."

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் சொல்லத்தான் போனார். தாசம்மாள் மொட்டை வயலின் நடுவே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். இனி நாற்றுப் பாவ நாள் இல்லை, விலைக்குக் கேட்டாலும் கிடைக்காது. அவள் முகத்தைப் பார்த்ததும் ஸ்ரீகண்டன் சொல்ல வந்ததை விழுங்கினார். வாயிலிருந்து வந்தது வேறு.

"தாசம்மா, என் வயல்லேர்ந்து எடுத்துக்கோ."

"சாமிக்கு வேண்டாமா? நிறைபுத்தரிக்குக் கதிரு வேணும்னு சொன்னீளே?"

"எடுத்துக்கோங்கறேன்!"

அவள் ஒரு கூடை போதும் என்றாள். அவர் நாலு கூடை பிடுங்க வைத்தார். தூர் கட்டிய நாற்றைப் பிரித்துப் பிரித்து அவள் தன் வயலில் நட்டாள். முற்றிய தாள் என்பதால் நத்தை அதன் பக்கம் போகவில்லை. மடையில் வலை கட்டியாயிற்று. அவளுடைய பன்னிரண்டு வாத்தும் ஓடைக்கரையில் இறங்கி, குஞ்சு நத்தையை ஒன்று விடாமல் விழுங்கின. வாத்து தின்றால் அது வாத்தின் பாடு என்று ஸ்ரீகண்டன் மனதைத் தேற்றிக்கொண்டார். பெரிய நத்தைகளைத் தாசம்மாள் உப்பில் போடும்போது மட்டும் வேறு பக்கம் திரும்பி நிற்பார். அவர் வயலில் ஒரு மூலை தவிர எல்லாம் காலி. அந்த மூலையையும் புல் மூடிக்கொண்டது. மிச்ச இடத்தில் தவளைகள் சௌகரியமாகக் குடியிருந்தன.

இதோடு போயிருந்தால் அவர் தப்பித்திருப்பார். தாசம்மாள் விடவில்லை. சந்தையில் சொன்னாள், பஸ்ஸில் சொன்னாள், அரிசி ஆலையில் சொன்னாள். "எனக்க வயலு போச்சுன்னு தெரிஞ்சதும், தனக்க நாத்தப் பிடுங்கித் தந்த மனுசன்." கேட்டவர்கள் ஸ்ரீகண்டனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். ஒவ்வொரு கும்பிடும் அவருக்கு முள்ளாகக் குத்திற்று. நாலு தடவை சொல்லிவிடலாம் என்று வரப்பு வரை போய், நாலு தடவையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

ஆடி பிறந்தது. தாசம்மாளின் வயல் கதிர் தள்ளித் தலை சாய்ந்து நின்றது. ஸ்ரீகண்டனின் மூலையில் கதிர் என்று ஒன்றுமில்லை. கோலப்பனுக்குப் போன் பண்ணி, "நீங்களே கொண்டு வந்துடுங்கோ" என்று சொல்லலாம் என்று இருந்தார். நிறைபுத்தரிக்கு முந்தின நாள் தாசம்மாள் தடுத்தாள்.

"எனக்கதுல இருந்து அறுத்துக்கிடுங்க சாமி. நாத்து ஆருக்கது? சாமிக்கதுதானே. நானே சுமந்து கொண்டாறேன்."

நிறைபுத்தரி அன்று விடிந்ததும் கோவில் வாசலில் கூட்டம். தாசம்மாள் தலையில் கதிர்க்கட்டோடு வந்தாள். கோலப்பனின் வேனும் ஓரமாக நின்றது. ஸ்ரீகண்டன் கட்டைக் கை நீட்டி வாங்கப் போனபோது கோலப்பன் குறுக்கே வந்தார். கையில் சரிகைப் பொன்னாடை.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேக்கணும்" என்றார் கோலப்பன். கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாத மனுஷருக்குக் குரல் நடுங்கிற்று. "வாக்குக் கொடுத்த கதிர வேண்டாம்னு வச்சுட்டு, பக்கத்து வயலுக்காரிக்குத் தன்னோட நாத்த எடுத்துக் கொடுத்த மனசு இருக்கே, அது எனக்கு வராது. உள்ளதச் சொல்லுதேன். சாமியோட கதிருதான் இந்த வருசம் உள்ள போகணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். நாலு பேர் இல்லை, தெரு முழுக்க. பொன்னாடை தோளை நோக்கி வந்தது. ஸ்ரீகண்டன் பின்னால் நகர்ந்தார்.

"வேண்டாம்" என்றார். "இது என் கதிர் இல்லை. தாசம்மாளோட வயல், தாசம்மாளோட உழைப்பு."

"சாமிக்குப் பணிவு ஜாஸ்தி" என்றார் யாரோ.

அதைக் கேட்டதும் ஸ்ரீகண்டனுக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் உடைந்துவிட்டது. ஆபீசில் அறிக்கை வாசிக்கிற குரல்தான் வந்தது. "பன்னெண்டு அஞ்சு முதல் இருபத்தெட்டு அஞ்சு வரை, மொத்தம் இருநூத்தி நாலு நத்தை, பாலத்தடி ஓடையிலே நானே கொண்டுபோய் விட்டேன். கொல்ல மனசு வரல்லை, அதனாலே. அது இவ வயலுக்குத்தான் வருதுன்னு தெரியாது. தெரிஞ்சப்பறம் சொல்லல்லை, பயந்துட்டேன். காலேஜ் பசங்க தலையிலே போட்டேன். நாத்து குடுத்தது தர்மம் இல்லை, தப்புக்குக் குடுத்தது. தாசம்மா, என்னை மன்னிச்சுடு." கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

கோலப்பன் விரித்த பொன்னாடையோடு அப்படியே நின்றார், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல்.

தாசம்மாள் தலையிலிருந்த கட்டை இறக்கி அவர் கையில் வைத்தாள்.

"அது எனக்கு அண்ணைக்கே தெரியும் சாமி" என்றாள். "ஒச்சுக்கு நம்பரு போடணும்னு உலகத்துல வேற ஆருக்குத் தோணும்?"

ஸ்ரீகண்டன் கட்டைத் தாங்கிக்கொண்டு திருதிருவென்று விழித்தார். "தெரியுமா? பின்னே ஏன் ஒண்ணும் சொல்லல்லை? ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்துண்டு திரிஞ்சியே!"

"நாத்து தந்தது உள்ளதுதானே, அதச் சொன்னேன். ஒச்சுக் கதைய அண்ணைக்கே சொல்லியிருந்தா சாமி ஒரு மாப்பு சொல்லிட்டுப் போயிருப்பீங்க. மாப்ப வச்சு நான் என்ன செய்ய? எனக்கு நாத்துல்லா வேணும்!"

முதலில் சிரித்தது சீதாலக்ஷ்மி. அடுத்தது கோலப்பன், பொன்னாடையைத் தாசம்மாளின் தோளில் போட்டுக்கொண்டே.